நாயில் ஏறிப் போனவள்

யாரோ கதவைக் காலால் உதைத்தார்கள். அழைப்புமணி இருக்கிறது, தட்டுவதற்குக் கை இருக்கிறது, ஆனாலும் காலால்தான். ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை, காலை பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஓடிப்போய்த் திறந்தேன். கீழ்வீட்டு சவேலிச் நின்றிருந்தார். ஒரு கையில் கைபேசி, மறுகையில் பழுப்பு உறை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ரிம்மா, இந்தப் பசங்க பேசுற குப்பையத்தானே நீ படிக்கிற? இதப் படிச்சு சொல்லு. சீக்கிரம்!"

அவருடைய முழுப்பெயர் ரதியோன் சவேல்யெவிச். த்வேர் நகரப் பேருந்தில் முப்பது வருடமாக ஓட்டுநர். எங்கள் கட்டடத்தில் அவரை எல்லோரும் அப்பா பெயரைச் சுருக்கி சவேலிச் என்றுதான் கூப்பிடுவோம். நான் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களின் பேச்சுமொழியை ஆராய்ச்சி செய்கிறேன். மூவாயிரம் அட்டைகளில் மூவாயிரம் சொற்கள். மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன குப்பை பொறுக்கின?" என்று கேட்பது அவர் வழக்கம். அந்த மனிதர் இன்று என் வாசலில் மூச்சு வாங்குகிறார்.

"அக்லாயா எங்க போனான்னு தெரியல. அரை மணி முன்னாடி மாஸ்கோலேருந்து போன். அந்தக் கப்பல் கல்லூரி. பட்டியல்ல இருந்த பையன் ஒருத்தன் வேற எங்கயோ சேர்ந்துட்டானாம். அடுத்த பேரு என் பொண்ணோடது. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவளே நேர்ல வந்து, அசல் சான்றிதழக் கொடுத்து, கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா அதுக்கு அடுத்த பேரக் கூப்பிட்டுடுவாங்க. இவ போன் செத்துக் கெடக்கு!"

பழுப்பு உறைக்குள் இருந்தது சான்றிதழ். அவர் மகள் அக்லாயாவுக்குப் பதினேழு வயது. ஆறு வயதில் வோல்கா படகுத்துறையில் ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்தவள், அன்றிலிருந்து கப்பல் ஓட்டுவதைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. அவள் அம்மா வடக்கே எண்ணெய் வயல் ஒன்றில் சமையல் வேலையில் இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் அப்பாவும் மகளும்தான். மூன்று நாள் முன்பு கல்லூரிப் பட்டியல் வந்தபோது ஒரே ஒரு இட வித்தியாசத்தில் அவள் பெயர் தப்பிப்போயிருந்தது.

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு குறுஞ்செய்திகள். முதலாவது காலை ஏழுக்கு:

"அப்பா, கோச்சுக்காத. எனக்கு விஷ்கா கிடைக்காது, விடு. எலியோட நாய்ல போறேன், வ்பிஸ்காவுக்கு."

இரண்டாவது எட்டு ஐம்பதுக்கு:

"கோன்ட்ரா எங்கள இறக்கிவிட்டான். நின்னுக்கிட்டு கத்துறேன்! சார்ஜ் இல்ல."

"எலி, நாய்... என்ன இது, மிருகக்காட்சி சாலையா?" என்றார் சவேலிச். "எங்க டிப்போ ப்ரோஹர் வீட்ல பனிவண்டி இழுக்குற நாய் பத்து இருக்கு. அவனுக்கு இருபத்திரெண்டு வயசுல ஒரு பையன். அப்புறம் இந்த வ்பிஸ்கா, அது வீட்டு முகவரிய பாஸ்போர்ட்ல பதியறதுதானே? கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே பதிஞ்சுக்கப் போறான்னு நெனச்சு, ப்ரோஹருக்குப் போன் போட்டு நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பையன் ஆறு மாசமா சீத்தாங்கற ஊர்ல ராணுவத்துல இருக்கானாம். இனிமே உன்கூட டீ குடிக்கமாட்டேன்னுட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அது இருக்கட்டும், இந்த விஷ்கா?" அவர் குரல் தாழ்ந்தது. "நான் சின்னவனா இருந்தப்ப விஷ்கான்னா ஒண்ணுதான் அர்த்தம். சுவத்துல நிக்கவெச்சு சுடுறது. ‘அவனுக்கு விஷ்கா கொடுத்துட்டாங்க’ன்னா மரண தண்டனை. என் பொண்ணு எதுக்கு அதப் பத்தி எழுதறா? கோன்ட்ரான்னா புரட்சிக்கு எதிரி. எங்க தாத்தா திட்டுற வார்த்தை. எவனோ எதிரி அவள எங்கயோ இறக்கிவிட்டிருக்கான், அவ நின்னு கத்துறா. உதவிக்கு யாரும் இல்ல!"

மூன்று வருடமாக அட்டைப்பெட்டியில் படுத்துக் கிடந்த சொற்கள், இதோ, ஒரு பெண்ணை எங்கேயோ கூட்டிக்கொண்டு ஓடுகின்றன.

"சவேலிச், உக்காருங்க. இல்ல, உக்காராதீங்க, செருப்ப மாட்டுங்க. நான் பேசிக்கிட்டே வரேன். விஷ்கான்னா இப்போ பசங்களுக்கு மேல்படிப்பு. ‘உயர்ந்தது’ங்கற ஒரே வார்த்தையிலேருந்து வந்ததுதான் ரெண்டும். உங்க காலத்துல உயர்ந்தபட்ச தண்டனை, இப்போ உயர்கல்வி. கல்லூரி கிடைக்கலன்னு சொல்றா, அவ்ளோதான்."

"சுடலயா?"

"யாரும் யாரையும் சுடல! கோன்ட்ரான்னா ரயில்ல டிக்கெட் பரிசோதகர். கோன்ட்ரோலர்ங்கற பேரச் சுருக்கினா அப்படித்தான் வரும்."

"ரயிலா? ஆனா நாய்னு எழுதியிருக்காளே!"

"டிக்கெட் இல்லாம போறவன நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"முயல்னு."

"போறவன் முயலா இருக்கலாம்னா, ரயில் ஏன் நாயா இருக்கக் கூடாது? ‘நாய்’னா புறநகர் மின்ரயில். ஒண்ணுலேருந்து இறங்கி இன்னொண்ணு மாறி மாறிப் போறதுதான் ‘நாய்ல போறது’. நாப்பது அம்பது வருஷத்துக்கு முன்னாடி தலைமுடி வளத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்தினவங்க பேச்சு இது. ஏன் நாய்னு பேரு வந்துதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கே சரியாத் தெரியாது."

சவேலிச் படியில் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு முறை கண் சிமிட்டினார். அப்புறம் அவர் முகம் மாறியது. முப்பது வருடம் கால அட்டவணையோடு வாழ்ந்த மனிதரின் முகம் அது.

"ஏழு அஞ்சு," என்றார். "ஏழு அஞ்சுக்கு பலகோயே போற மின்ரயில் ஒண்ணு இருக்கு. எட்டு அம்பதுக்கு அது எங்க இருக்கும்? லிஹஸ்லாவில் தாண்டி, ஸ்பிரோவா தாண்டி..." விரல்களை மடக்கினார். "வலச்யோக்! வலச்யோக் ஸ்டேஷன்லதான் இறக்கிவிட்டிருக்கான். அங்கேருந்து அடுத்த ரயில் பதினொண்ணு இருவதுக்கு. ரிம்மா, வண்டி கீழ நிக்குது!"

அவருடைய பழைய நிவா ஜீப் கிளம்பும்போது இருமும், அப்புறம் நிற்காது. நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். பேருந்தை ஒருநாளும் அறுபதுக்கு மேல் ஓட்டாத மனிதர் அன்று ஓட்டிய வேகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"வ்பிஸ்கா? அத நீ இன்னும் சொல்லல," என்றார், ஒரு மர லாரியை முந்திக்கொண்டே.

"அதுவும் அந்தச் சுத்துறவங்க வார்த்தைதான். போற ஊர்ல தெரிஞ்சவங்களோ தெரியாதவங்களோ வீட்டுல இலவசமா ராத்தங்க இடம் கொடுத்தா, அது வ்பிஸ்கா. நாயும் வ்பிஸ்காவும் ஒண்ணாப் பொறந்த வார்த்தைங்க. அதனால அவ தூரமாத்தான் போறா. பீட்டர்ஸ்பர்க்குன்னு நெனக்கிறேன்."

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை! அட்டையில் என் கையெழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வலச்யோக் ரயில் நிலையத்தின் முன் நிவா கிறீச்சிட்டு நின்றபோது பதினொன்று இருபத்திரண்டு. நடைமேடை முனையில் பச்சை ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

சவேலிச் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். ஹாரன் அலறியது. "பரவால்ல. பலகோயேக்கு அது அம்பது நிமிஷத்துல போகும். நாம நாப்பதுல போயிடலாம். பிடிச்சுக்க!"

அவர் சாவியைத் திருப்பும்போது நான் இரண்டாவது குறுஞ்செய்தியை மறுபடி பார்த்தேன். ‘நின்னுக்கிட்டு கத்துறேன்.’ ஏதோ முள் போலக் குத்தியது. பயந்து கத்துகிறாள் என்று அப்பா நினைத்தார். ஆனால் அவள் வயதுப் பிள்ளைகள் ‘கத்துறேன்’ என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிக்கிறேன் என்று பொருள். அது எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது சரி, நடுவழியில் ரயிலை விட்டு இறக்கிவிட்டால் எதற்குச் சிரிக்க வேண்டும்?

"சவேலிச், நிறுத்துங்க."

"என்ன நிறுத்துறது! மணி ஓடுது!"

"அவ சிரிக்கிறா! போக வேண்டிய ஊருக்குப் பாதி வழியில இறக்கிவிட்டா எவளாவது சிரிப்பாளா? சிரிக்கிறான்னா என்ன அர்த்தம்? பரிசோதகர் தண்டனை கொடுக்கறதா நெனச்சு, அவங்க எங்க இறங்கணுமோ அங்கயே இறக்கிவிட்டிருக்கார். அவ இங்கதான் வந்தா. வலச்யோக்குக்கே!"

"நீதானே பீட்டர்ஸ்பர்க்ன்னே?"

"நான் சொன்னது தப்பு. வ்பிஸ்காவுக்கு நான் எடுத்துக்கிட்டது பழைய அர்த்தம். இப்போ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்ககூட அந்த வார்த்தைய வேற மாதிரி சொல்றாங்க. யாரோ ஒருத்தர் வீட்டுல பெரியவங்க இல்லாத நாள்ல கூடிக் கொண்டாடுறது. விருந்து!"

"தப்பா இருந்தா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகோயே போய் அவள் அங்கே இல்லாவிட்டால் திரும்பிவர ஒன்றரை மணி நேரம். இங்கே தேடி அவள் ரயிலில் போயிருந்தால் அதே கதி. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு தப்பு போதும், ஆறு மணிக்குள் மாஸ்கோ போய்ச் சேர முடியாது. சவேலிச் என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இறங்கு," என்றார்.

நிலையத்துக்கு எதிரே மஞ்சள் பீப்பாய் வண்டியில் ஒரு பெண் க்வாஸ் என்ற ரொட்டிப் பானம் விற்றுக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு எல்லோரும் அதைத்தான் வாங்கிக் குடித்தார்கள். இருபது வயது இருக்கும், மூக்கில் சின்ன வளையம், கோடை விடுமுறை வேலை போல. நான் வாயைத் திறக்குமுன் சவேலிச் அவள் முன்னால் போய் நின்று, டிப்போ மேலாளரிடம் பேசுவது போல் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு, இன்னைக்கு இங்க வ்பிஸ்கா எங்க நடக்குது?"

அவள் கையிலிருந்த குவளை வழிந்து ஓடியது. "ஐயா, நீங்க வ்பிஸ்காவுக்கா வந்திருக்கீங்க?"

"ஆமா. நாய்ல வரல, வண்டியில வந்தோம்."

அவள் பீப்பாயின் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சட்டென்று அவள் முகம் இறுகியது. "நீங்க யாரோட அப்பா? வம்பு பண்ண வந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அம்மா, என் பொண்ணுக்கு விஷ்கா கிடைச்சிருக்கு," என்றார் சவேலிச். "கப்பல் கல்லூரி. ஆறு மணிக்கு மாஸ்கோல இருக்கணும். அவளுக்கே இன்னும் தெரியாது."

க்வாஸ் பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். "மொதல்லயே சொல்ல மாட்டீங்களா? கால்வாய்க்கு அந்தப் பக்கம், நீலச் சன்னல் மரவீடு. வாசல்ல ஆப்பிள் மரம். எலியோட சித்தி வீடு, சித்தி ஊருக்குப் போயிருக்காங்க. வேலை முடிஞ்சதும் நானும் அங்கதான் போறேன். ஓடுங்க!"

பாலத்தைத் தாண்டும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. வேலிக்குள்ளே ஏழெட்டு இளசுகள். குள்ளமான ஒரு பெண் ஏணி மேல் நின்று மரத்தில் வண்ணக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே இவள்தான் எலி என்று புரிந்துவிட்டது. கூர்மூக்கும் பெரிய காதும் அப்படி. அடுப்புப் பக்கம், முழங்கை வரை வெங்காயமும் இறைச்சியுமாக, கம்பியில் துண்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தாள் அக்லாயா. அப்பாவைக் கண்டதும் கம்பி கீழே விழுந்தது.

"அப்பா! நான்தான் எழுதினேனே! டிக்கெட் எடுக்காம வந்தது தப்புதான், ஒத்துக்கறேன், ஆனா இங்க குடி கிடி ஒண்ணும் இல்ல, நீயே மோந்து பாரு..."

"விஷ்கா," என்றார் சவேலிச். பழுப்பு உறையை நீட்டினார்.

"என்ன விஷ்கா?"

"விஷ்கா கிடைச்சுடுச்சுடீ! ஒருத்தன் விலகிட்டான்! ஆறு மணிக்குள்ள கையெழுத்து! கைய கழுவு!"

அவள் கத்தினாள். அதை எந்த அட்டையிலும் எழுத முடியாது. கால்வாயில் இருந்த வாத்துகள் பறந்தன. எலி ஏணியிலிருந்து இறங்கி வந்தாளா குதித்தாளா என்று தெரியவில்லை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானும் கத்தினாள். கம்பியில் வெந்த இறைச்சியை யாரோ ரொட்டியில் சுற்றி ஒரு பையில் போட்டு நிவாவின் பின்னிருக்கையில் எறிந்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு வண்டி மாஸ்கோ திசையில் திரும்பியது.

முதல் அரைமணி அக்லாயா சான்றிதழை வெளியே எடுப்பாள், பார்ப்பாள், உள்ளே வைப்பாள். அப்புறம் வாய் நிறைய ரொட்டியோடு, "க்ல்யோவோ! க்ல்யோவோ!" என்றாள். பிரமாதம், அருமை என்றெல்லாம் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.

"அது என் வார்த்தை," என்றார் சவேலிச். "எண்பதுகள்ல நாங்க சொன்னது. எங்க வாத்தியார் அதுக்காக என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். எங்கள்ட்டேருந்து திருடினது நீங்க."

"ரெண்டு பேரோடதும் இல்ல," என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது. விளதிமிர் ஊர்ப் பக்கத்துல நடந்து போய் வியாபாரம் பண்றவங்க இருந்தாங்க. முதுகுல பெட்டி. ஊசி, ரிப்பன், சாமி படம் எல்லாம் விப்பாங்க. வாங்குறவங்க முன்னாடியே, அவங்களுக்குப் புரியாம, தங்களுக்குள்ள பேசிக்க ஒரு தனி பாஷை வெச்சிருந்தாங்க. அதுல க்ல்யோவின்னா நல்லது. லோஹ்னா குடியானவன்."

"லோஹா!" அக்லாயா முன்னிருக்கைக்கு நடுவே தலையை நீட்டினாள். "நாங்க ஏமாந்த சோணகிரியத்தானே லோஹ்னு சொல்றோம்!"

"அவங்ககிட்ட சாமான் வாங்கி ஏமாந்தது யாரு? குடியானவன்தானே. அப்படி மாறியிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. வேற சிலர், வடக்கே முட்டை போட்டு ஓய்ஞ்சுபோன ஒரு மீனுக்கு அந்தப் பேர்னு சொல்றாங்க. அப்புறம் வியாபாரிகள் பாஷை திருடங்ககிட்ட போச்சு, திருடங்ககிட்டேருந்து தெருவுக்கு, தெருவுலேருந்து பள்ளிக்கூடத்துக்கு. சாப்பிடறதுக்கு ஹாவட்ன்னு சொல்றீங்களே, அது ஜிப்ஸிகளோடது."

"அப்போ அவங்க வாங்குறவங்களுக்குத் தெரியாம பேசினாங்க," என்றாள் அக்லாயா யோசித்துக்கொண்டே. "நாங்க அப்பாங்களுக்குத் தெரியாம பேசுறோம்."

"எனக்குத் தெரியாம பேசினதுல இன்னைக்கு உன் கப்பல் மூழ்கியிருக்கும்," என்றார் சவேலிச். கோபம் போலச் சொன்னார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "எலின்னு சொன்னியே, அந்தப் பொண்ணோட நெஜப் பேரு என்ன? நம்பர் என்ன? எனக்கு ஒண்ணும் தெரியல பாரு. அது என் தப்பும்தான்."

"ஸ்டெஃபானியா," என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "ஏழு வருஷமா நம்ம வீட்டுக்கு வர்றாப்பா," என்றாள். அவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

மாஸ்கோ எல்லையில் எல்லாம் நின்றது. நான்கு வரிசை வண்டிகள், எதுவும் அசையவில்லை. நாலு ஐம்பது ஆனபோது சவேலிச் வண்டியை ஹோவ்ரினோ மெட்ரோ வாசலில் எங்கோ செருகிவிட்டு, "ஓடுங்க!" என்றார். நகரும் படிக்கட்டில் இடது பக்கமாக மூவரும் ஓடினோம். அக்லாயாவின் சட்டையில் வெங்காய வாசனை, எதிரே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுரங்கப் பாதையில் ரயில் ஒரு இடத்தில் நான்கு நிமிடம் காரணமில்லாமல் நின்றது. அந்த நான்கு நிமிடத்தில் சவேலிச் அந்த ஓட்டுநரைத் திட்டிய திட்டில் எனக்குப் புதிதாக இரண்டு சொற்கள் கிடைத்தன. இரண்டையும் சீட்டில் குறித்துக்கொண்டேன், கை அதுவாகவே எழுதியது.

மேலே வந்ததும் ஆற்றங்கரைச் சாலை. ஐந்து முப்பத்தேழு. எண்ணூறு மீட்டர். பாதியில் சவேலிச்சுக்கு மூச்சு முட்டி ஒரு லிண்டன் மரத்தைப் பிடித்துக்கொண்டு, "போங்க, போங்க!" என்று கையை ஆட்டினார். அக்லாயா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பறந்தாள். என்னால் அவள் பின்னலைத்தான் பார்க்க முடிந்தது.

சேர்க்கை அறையில் வெள்ளைத் தலை அலுவலர் ஒருவர் மேசையில் இருந்த கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சன்னல் வழியே ஆறு தெரிந்தது.

"குடும்பப் பேர்?"

சான்றிதழை நீட்டினாள். அவர் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எங்கேருந்து ஓடி வர்றீங்க?"

"வ்பிஸ்காலேருந்து," என்றாள் அவள்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, பேனாவைத் திறந்து கொடுத்தார். ஐந்து நாற்பத்தொன்பதுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து மேலும் கீழும் ஆடியது. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறந்து, சட்டை நனைந்து, முகம் சிவந்து சவேலிச் நுழைந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், அலுவலரின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு நிமிடம் குலுக்கினார். அந்த மனிதர் பாவம், விடச் சொல்லவும் இல்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அக்லாயா இந்தக் கோடையில் ஒரு சரக்குக் கப்பலில் பயிற்சி மாலுமியாக லதோகா ஏரியைக் கடந்தாள். என் ஆய்வேடு ஒருவழியாக முடிந்தது. வ்பிஸ்கா அட்டையில் இப்போது இரண்டு பொருள் இருக்கிறது, எந்தப் பொருளை எந்த வயதினர் சொல்கிறார்கள் என்ற குறிப்போடு. சவேலிச் இன்னும் பேருந்து ஓட்டுகிறார். பின்னிருக்கைப் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, பயணத்தாளின் பின்பக்கத்தில் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் என் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். அதில் பாதியை எந்தப் பல்கலைக்கழகமும் அச்சிடாது.